போர்டுக்குள் புகுந்த தண்ணீர்

நம் குப்பத்துப் பிள்ளைகளே, இந்த ஊருக்கு வந்தால் "தண்ணி பூந்துடுச்சு" என்று மட்டும் வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள். நமக்கு அது படகு முழுகப்போகிற சேதி. இங்கே அது கல்யாணச் சேதி. பாப்பாரப்பட்டிக்குக் குடிவந்து இரண்டு வருஷமாகியும் எனக்கு இது மண்டையில் ஏறவில்லை. போன மாதம் ஹார்டுவேர் கடையில் போய் நின்று, "அண்ணே, எங்க போர்டுல தண்ணி பூந்துடுச்சு. ஓட்டைய அடைக்கணும், எதுனா குடு" என்றேன். கடைக்காரர் நிறுத்துக்கொண்டிருந்த ஆணியை அப்படியே விட்டுவிட்டார்.

"போர்ல தண்ணி வந்துடுச்சுங்களா! எத்தன அடியிலங்க?"

"அடியா? ஆறடி."

"ஆறடியிலயா?" என்று அவர் கல்லாவை விட்டு எழுந்தார். "தண்ணி வந்த போரை எதுக்குங்க அடைக்கறீங்க? ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

ஆழ்துளைக் கிணற்றுக்கு இங்கே போர் என்று பெயர். ஆயிரம் அடி போட்டும் புழுதி மட்டும் வந்த கதை வீட்டுக்கு ஒன்று உண்டு. நான் வீடு திரும்புவதற்குள் வாசலில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்த்துக் கொடுத்த ஆள் யார், தங்கள் வயல்காட்டுக்கும் அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். நான் சொன்னது போரை அல்ல. நம் ரேவதி அலை ஏறுகிற ஸர்ஃப் போர்டை. அதைப் புரியவைப்பதற்குள் காப்பி போட்டுக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

இந்த மாதிரிக் கட்டுரையெல்லாம் வெளிநாடு போனவர்கள்தான் எழுதுவார்கள். நான் தாண்டி வந்தது ஒரு ரயிலும் ஒரு டவுன் பஸ்ஸும்தான். ஆனாலும் கடலைப் பார்க்காமல் தூங்கி எழுகிற ஊர் எனக்கு வெளிநாடுதான். என் மனைவி சாந்தி சுகாதார நர்ஸ். அவளுக்கு இங்கே வேலை போட்டார்கள், நானும் மகள் ரேவதியும் பின்னாலேயே வந்தோம். படகு ஓட்டியவன் இப்போது ஒரு நர்சரியில் மாங்கன்றுகளுக்கு ஹோஸ் பிடிக்கிறேன். பேச்சிலும் நான் அந்நியன்தான். நாம் பாசமாக "வாப்பா, குடுப்பா" என்போம் இல்லையா, இவர்கள் அதைக் கேட்டால் சண்டைக்கு வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். இவர்களுக்குத் திட்டுவதற்கும் ஒரு 'ங்க' வேண்டும்.

கிளம்பிய நாள் உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சாமான் ஏற்றிய டெம்போ நிற்கிறது, ரேவதி மணலில் போட்ட போர்டின்மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறாள். வெள்ளைக்காரம்மா ஒருவர் ஊருக்குப் போகும்போது அவளுக்கு விட்டுப்போன பழைய போர்டு அது. கடைசியில் நான் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தேன்: "போர்டும் நம்மகூட வருது. ஒவ்வொரு லீவுக்கும் உன்னையும் அதையும் இங்க கொண்டாந்து எறக்குவேன். நடக்கலன்னா என்னை அப்பான்னு கூப்பிடாத." டெம்போக்காரர் ஹாரன் அடித்ததில் அவசரப்பட்டுக் கொஞ்சம் பெரிதாகவே சொல்லிவிட்டேன்.

இந்த லீவில்தான் நம் கரையில் பெண்பிள்ளைகளுக்குப் போட்டி வைத்தார்கள். அதற்குப் பத்து நாள் இருக்கும்போது ஓட்டை விழுந்தது. போர்டை மொட்டைமாடியில் நிழலாகச் சாய்த்துவைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா, நல்ல வழவழப்பான பலகை என்று அதைப் படுக்கப்போட்டுப் புளி காயவைத்துவிட்டார். புளியைத் தேடி அவருடைய வெள்ளாடு படியேறி வந்து போர்டின்மேல் நின்றது. கோவிந்தம்மா விரட்டியும் அது இறங்கவில்லையாம். பத்து வருஷம் முயன்றும் நான் ஒரு அலையில்கூட அவ்வளவு நேரம் நின்றதில்லை. குளம்பு பதிந்து இரண்டு ஓட்டைகள், ஒவ்வொன்றும் ஐந்து ரூபாய்க் காசு அளவு. கோவிந்தம்மா பதறிப்போய், பிசுக்குப் போகட்டும் என்று நாலு குடம் தண்ணீர் ஊற்றி அலசியும் விட்டார். அந்தத் தண்ணீர்தான் உள்ளே பூந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா. நான் அத ஏதோ பந்தல் சாமான்னு நெனச்சுட்டங்க."

"இதுக்கு எதுக்குக்கா கவலை? எத்தினி படகு ஒட்டியிருக்கேன், இது எனக்கு ஒரு வேலையா?" என்றேன். உங்களுக்கே தெரியும், நம் கரையில் எந்த ஃபைபர் படகு கிழிந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ரெசின் பசையைக் கலந்து, ஃபைபர் துணியை வைத்து, பிரஷ்ஷால் தட்டினால் மறுநாள் படகு கடலுக்குப் போகும். எட்டாவது வரை படித்த எனக்கு இந்த ஒரு விஷயத்தில்தான் மரியாதை. அதனால் அதை ஏழெட்டு இடத்தில் சொல்லிக்கொள்வேன்.

போர்டை ஓட்டை கீழே இருக்கும்படி நாலு நாள் சாய்த்துவைத்தேன். தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்து நின்றது. ஹார்டுவேர் கடையில் ரெசின் இல்லை என்பதால், பஸ் ஸ்டாண்டு தாண்டி இருக்கிற முனுசாமியின் டிங்கரிங் பட்டறைக்குப் போனேன். லாரி, பஸ்ஸின் நெளிசலைத் தட்டி எடுத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிக்கிறவர். ரெசின் டப்பாவை எடுத்துக் கொடுத்தவர், கையை மட்டும் எடுக்கவில்லை.

"எதுக்குங்க இது?"

"கடல்ல போற போர்டு. ஓட்டை."

"உள்ள என்ன இருக்குதுங்க?"

"வெள்ளையா, உருண்டை உருண்டையா. தெர்மாகோல் மாதிரி."

"மாதிரியா, தெர்மாகோலேவா? தெர்மாகோலுன்னா இது ஆவாதுங்க. தின்னுப்புடும். ஒரு கல்யாணத்துக்குத் தெர்மாகோல்ல மயில் செஞ்சு, இத ஊத்திப் பாத்தங்க. கழுத்துக் காணாம பூடுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கடலைக் கண்ணால் பார்த்திராத மனிதர், கடலில் போகிற சாமானைப் பற்றி எனக்குச் சொல்கிறார். "அது மயிலு, இது போர்டு" என்று சொல்லிவிட்டு டப்பாவோடு வந்தேன்.

பிள்ளைகளே, பஞ்சுமிட்டாயில் தண்ணீர் விட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ரெசினை ஊற்றினேன், இறங்கியது. போதவில்லை போல என்று இன்னும் ஊற்றினேன். அதுவும் இறங்கியது. உள்ளே 'சொர்ர்' என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் ஐந்து ரூபாய்க் காசு ஓட்டைக்குக் கீழே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பள்ளம். நம் படகுகளில் நான் ரெசின் ஊற்றியது கட்டையிலும் ஃபைபரிலும்தான். தெர்மாகோலுக்கு எபாக்சி என்கிற வேறு பசை உண்டு என்பதை நான் கேட்டுக்கூட அறிந்ததில்லை. ரேவதி பின்னால் நின்றிருந்தது எனக்குத் தெரியாது. அவள் அழவில்லை. "பரவால்லப்பா, நான் போகல" என்றாள். அழுதிருந்தால்கூடத் தேவலை. அப்பா என்ற சொல்லை இன்னும் விடவில்லை என்று மட்டும் கணக்காகக் கவனித்துக்கொண்டேன்.

மறுநாள் போர்டைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைவீதி வழியாகப் பட்டறைக்கு நடந்தேன். "போரையே புடுங்கிட்டாராட்டம் இருக்குதுங்க" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. முனுசாமி குனிந்து பள்ளத்தைப் பார்த்தார்.

"மயில் கழுத்துங்க" என்றார். அதோடு விட்டுவிட்டார்.

'நான்தான் சொன்னனே' என்று குத்திக்காட்டாத அந்த மரியாதைதான் என்னை அறைந்தது. உருகிக் கெட்டியானதை அவர் சொன்னபடி வெட்டி எடுத்தேன். உள்ளே வைக்கக் கெட்டித் தெர்மாகோல் வேண்டும். கோவிந்தம்மா சந்தையில் மீன்காரரிடம் மல்லுக்கட்டி ஒரு உடைந்த ஐஸ் பெட்டியின் மூடியை வாங்கி வந்தார். அதைப் பள்ளத்துக்குத் தக்கபடி சீவி இறக்கினேன். முனுசாமி தருமபுரிக்கு ஆள் அனுப்பி எபாக்சி வரவழைத்தார். துணி வைத்து நான் ஒட்ட, அவர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். தேய்ப்பதில் என்னைவிட அவர் கை பத்து மடங்கு மேல். மேலே பச்சை பெயிண்ட் அடித்துவிட்டு, "பேரு எழுதட்டுங்களா?" என்றார். மகள் பெயர் இருந்தால் அவள் முகம் கொஞ்சம் மலரும் என்று, "நல்லா பெருசா எழுதுங்க" என்று சொல்லி நர்சரிக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் போர்டின் அகலம் முழுக்க, மஞ்சள் எழுத்தில், சிவப்பு நிழல் கொடுத்து, 'பாப்பாரப்பட்டி' என்று எழுதியிருந்தது. வண்டிக்குப் பேரு என்றால் முனுசாமிக்கு ஊர்ப்பேருதான். அழிக்க நேரமில்லை. மறுநாள் காலை மொரப்பூரில் ரயில்.

மீதியை நீங்களே பார்த்தீர்கள். மைக் பிடித்திருந்த செல்வம் கையில் இருந்த தாள் நனைந்து எழுத்துக் கலைந்துபோக, அவன் போர்டைப் பார்த்து, "அடுத்து வருவது, வெளியூரிலிருந்து வந்திருக்கும் வீராங்கனை, பாப்பாரப்பட்டி!" என்றான். நீங்களும் விடுவீர்களா? "பாப்பாரப்பட்டி, பாப்பாரப்பட்டி" என்று கத்தினீர்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மணலில் விழுந்து எழுந்து ஓடி மைக்கைப் பிடுங்கினேன்.

"டேய் செல்வம், என் பொண்ணுடா அது! வெளியூரா?"

"அண்ணா, போர்டுல அப்படித்தான இருக்கு? இந்தா, நீயே சொல்லு. எந்த ஊருன்னு சொல்லணும்?"

வாயைத் திறந்தேன். அதற்குள் ரேவதி அந்த மஞ்சள் எழுத்தின்மேல் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நம் கடலுக்குள் போய்விட்டாள். அவள் உடம்புக்கு இந்தப் பக்கம் ஒரு 'பா', அந்தப் பக்கம் ஒரு 'ட்டி' மட்டும் தெரிந்தது. ஸ்பீக்கரில் என் மூச்சு மட்டும் கரை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.