ஓடாத இன்ஜினும் தூங்காத அண்ணனும்

கல்யாணமாகி நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது நான் கொண்டுவந்த சாமான்களில் ஒரு சப்பாத்திப் பலகையும் உண்டு. எனக்குச் சப்பாத்தி சுடத் தெரியாது, அது வேறு விஷயம். அந்தப் பலகையில்தான் என் வீட்டுக்காரர் துளை போட்டு ஒரு இன்ஜினைத் திருகி மாட்டினார். இன்ஜின் எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும்.

கம்பி கட்டிக் கையில் பிடித்து வட்டமாகப் பறக்கவிடும் குட்டி விமானம் ஒன்றை அவரே செதுக்கிச் சாயம் பூசிப் பரணில் வைத்திருந்தார். அதற்கு இன்ஜின்தான் இல்லை. மாற்றலாகிப் போகிற ஒர்க்ஷாப் ஆபீசர் தன்னுடையதைக் கொடுத்து, "சாயங்காலம் நான் கெளம்புறதுக்குள்ள ஓட்டிக் காட்டினா உனக்கு. இல்லேன்னா திருப்பிக் குடுத்துடு, வேற ஆளு கேட்டிருக்காரு" என்று சொல்லிவிட்டார்.

இன்ஜினில் ஊற்றி ஓட்ட ஸ்பிரிட்டும் அவரே கொடுத்தார். அதில் கலக்க விளக்கெண்ணெய் வேண்டுமாம். என் குழந்தைக்காகக் காடாம்புலியூரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பியது போயிற்று. கூடவே ஒரு பலாப்பழமும் வந்திருந்தது; பிளாக் முழுக்க வாசனை. நல்லவேளை, இன்ஜினுக்குப் பலாப்பழம் கேட்கவில்லை.

இன்ஜின் மண்டையில் பிளக் என்று ஒன்று. அதற்குள் இருக்கும் கம்பிச்சுருள் பாட்டரி கொடுத்தால் சிவக்க வேண்டும். பிறகு முன்னாலிருக்கும் விசிறியை விரலால் தட்டிச் சுழற்றிவிட வேண்டும். தட்டினார். எண்ணெய் விடும் ஊசித் திருகைத் திறந்து தட்டினார், மூடித் தட்டினார். ஒருதரம் விசிறி எதிர்த்து அடித்து விரல் கிழிந்தது.

"என்னாங்க, ரத்தம்!"

"இரு, இப்ப ஓடும் பாரு."

காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். வெயில் இறங்கிவிட்டது. எனக்கே அழுகை வந்தது.

அப்போது நைட் ஷிப்ட் முடித்துப் படுத்திருந்த பக்கத்து வீட்டு அண்ணன், கண் சிவக்க, லுங்கியோடு வந்து நின்றார்.

"தம்பி, இன்னா பண்ணிகினு இருக்கே?"

"மன்னிச்சுக்குங்கண்ணே, சத்தம்..."

"சத்தம் வந்தாத்தான் தூங்கிடுவேனே! மைன்ஸ்ல அத்தாம்பெரிய மிஷின் பக்கத்துலயே கண்ணசர்ற ஆளு நானு. ஒவ்வொரு தட்டுக்கும் இப்ப கெளம்பும், இப்ப கெளம்பும்னு காதக் குடுத்துகினு படுத்திருக்கேன். பாவி, கெளம்ப மாட்டேங்குதே!"

பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொன்னார். கம்பி கறுப்பாகவே இருந்தது.

"பாட்டரி ஏது?"

"எங்க வூட்டு டார்ச்சுலது."

"அது மழையில நனஞ்சதுலேருந்தே மினுக்குமினுக்குன்னுதான எரியுது" என்றேன் நான்.

"அத ஏன் காலையிலயே சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா?"

அண்ணன் தன் ஷிப்ட் டார்ச்சிலிருந்து புது பாட்டரியைக் கழற்றிக் கொடுத்தார். கம்பி சிவந்தது. ஒரே தட்டு. வீடே அதிர்ந்தது, குழந்தை வீறிட்டது. ஆனால் காற்று பின்னால் போகாமல், முன்னால் நின்ற அண்ணன் முகத்தில் அடித்தது, விளக்கெண்ணெயோடு.

சொல்லிக்கொண்டு போக வந்த ஆபீசர் வாசலில் நின்று பார்த்தார். "தலைகீழா சுத்துதேப்பா!"

"ஓட்டிக் காட்டச் சொன்னீங்க, ஓட்டியாச்சு. எந்தப் பக்கம்னு சொன்னீங்களா?" என்றார் அண்ணன், மூஞ்சியைத் துடைத்துக்கொண்டே. ஆபீசர் சிரித்து, இன்ஜினை எங்களுக்கே விட்டுவிட்டுப் போனார்.

இவர் உடனே நேராக ஓட்டிப் பார்க்க உட்கார்ந்தார். அண்ணன் தன் வீட்டுக்குள் போனார். இம்முறை காற்று சரியான பக்கம் போயிற்று. எண்ணெய் தீர்ந்து இன்ஜின் நின்றபோது, சுவருக்கு அந்தப் பக்கம் குறட்டை கேட்டது.