மஞ்சளில் கறுக்காத காளான்

பாண்டுப்பில் எங்கள் வீடு மலையடிவாரத்தில் இருக்கிறது. போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் கணவர் காட்டிலிருந்து பை நிறைய வெள்ளைக் காளானோடு வந்தார்.

“ஏட்டி, நம்ம ஊரு புத்துக்காளான்லா இது! கொழம்பு வையி.”

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வழக்கப்படி மஞ்சள் போட்டு வேகவைத்தேன். விஷக் காளான் என்றால் கறுத்துவிடும் என்பார்கள். கறுக்கவில்லை. ருசி பார்க்கிறேன் என்று அவர் நாலு துண்டு தின்றார்.

மகளுக்குப் பரிமாறியபோது பக்கத்து வீட்டு மராத்திப் பெண் வந்தாள். சமைக்காமல் மிச்சமிருந்த காளானைத் திருப்பிப் பார்த்தவள், பிள்ளைக்குக் கொடுக்காதே என்று இந்தியில் அலறினாள்: “பச்சி கோ மத் கிலாவ்!” குடையின் அடிப்பக்கம் பச்சை பாய்ந்திருந்தது. மகள் கையிலிருந்த கவளத்தைத் தட்டிவிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் அவருக்கு நிற்காத வாந்தி. ஆட்டோவில் என் மடியில் சாய்ந்துகொண்டு, “புள்ள திங்கலல்லா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்கவைத்தார்கள். “மஞ்சள் எந்த விஷத்தையும் காட்டிக்கொடுக்காதும்மா” என்றார் டாக்டர்.

காட்டுக் காளான் இப்போது எங்கள் வாசல் தாண்டுவதில்லை. ஆனாலும் குழம்புக்கு மஞ்சள் போடும்போதெல்லாம், அதை நம்பி மகள் தட்டில் பரிமாறிய என் கை ஒரு நொடி நின்றுவிடுகிறது.