காத்திருக்கச் சொன்ன மென்பொருள்

போர் முடிந்த ஆண்டு, செங்கலடியில் ஒரு சிறிய அலுவலகத்தில், காணாமற்போனவர்களின் விவரங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு திருத்தத்தையும் பழையது அழியாமல் வைத்திருக்கும் மென்பொருள் அது. கணினியின் வட்டில் உண்மையாகவே எழுதி முடியும்வரை காத்திருந்து, அதன் பிறகுதான் ‘சேமிக்கப்பட்டது’ என்று காட்டும். சுனாமி நிவாரணத்தில் வந்த பழைய கணினியில் அதற்கு ஒரு நிமிடம் பிடித்தது.

வாசலில் பெண்கள் வெயிலில் நின்றார்கள். எனக்கோ பொறுமை என்பதே கிடையாது. மென்பொருளின் அமைப்பை மாற்றி அந்தக் காத்திருப்பை நிறுத்திவிட்டேன். வட்டில் எழுதி முடியுமுன்பே ‘சேமிக்கப்பட்டது’ உடனுக்குடன் வந்தது. வரிசை மளமளவென்று நகர்ந்தது. கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

விவரம் எழுதிய துண்டுத்தாளோடு சோதனைச்சாவடியைத் தாண்ட எல்லோருக்கும் பயம். அதனால் சேமித்ததும் அதை அவர்கள் கண்முன்னாலேயே எரித்துவிடுவோம். தன்னாமுனைப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா, மகனின் துண்டு எரிவதைப் பார்த்தபடி கேட்டார்:

“பதிஞ்சிட்டீங்களா மகள்?”

“ஓம் அம்மா, பதிஞ்சாச்சு.”

அவர் படியிறங்கிய கையோடு கறண்ட் போனது. திரும்ப வந்ததும் திறந்து பார்த்தேன். கடைசிக் கோப்புகள் கிடந்தன. உள்ளே ஓர் எழுத்துக்கூட இல்லை. பஸ் ஏறும் சந்திக்கு ஓடினேன். பஸ் போய்விட்டிருந்தது. அவருடைய முகவரி அந்தத் துண்டில் மட்டும்தான் இருந்தது. மகனின் பெயர்கூட எனக்கு நினைவில் நிற்கவில்லை.

அவர் மறுபடி வரவேயில்லை. ஏன் வரவேண்டும்? பதிஞ்சாச்சு என்று நான்தானே சொன்னேன்.