நத்தை தின்னும் வெளிச்சம்

மலைநாட்டில் இரத்தோட்டைக்குக் கீழே, ஆற்றோரம் இருந்த மிளகு நர்சரியில் நான் சேர்ந்த முதல் வாரமே தளிர்கள் காணாமல் போகத் தொடங்கின. மாலையில் ஒவ்வொரு பொலித்தீன் பையிலும் மிளகுத் தண்டு தளிர் விட்டு நிற்கும். காலையில் மொட்டைத் தண்டுதான் மிஞ்சும். பைகளின் மேல் நத்தை ஊர்ந்த தடம் வெள்ளிக்கோடாகக் காய்ந்து கிடக்கும்.

நர்சரி ஒரு ஹாஜியாருடையது. வேலைக்கு நானும் ராணியக்காவும். பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து நடந்து வருவோம். தோட்டத்தில் பாதி நாள் பேர் போட மாட்டார்கள், அன்றைக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. எங்கள் இரண்டு வீட்டு அடுப்பும் இந்தக் கன்றுகளை நம்பித்தான் எரிந்தன.

"இந்த மழைக்கு மிளகுக் கண்டு குடுக்காட்டி நர்சரிய மூட வேண்டியதுதான் புள்ள" என்றார் ஹாஜியார். அவர் கோபப்படவில்லை, அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

இருட்டில் கண்டது

அது எண்பதுகளின் கடைசி, சிங்கள இளைஞர்கள் அரசாங்கத்துக்கு எதிராகத் துவக்குத் தூக்கிய காலம். பொழுது சாய்ந்தால் விளக்கேற்றக் கூடாது என்று சில நாட்களில் மதகுகளில் எழுதி ஒட்டியிருக்கும். யார் ஒட்டினார்கள் என்று கேட்க மாட்டோம். மீறிய வீடுகளுக்கு என்ன ஆனதென்று எல்லோருக்கும் தெரியும்.

அப்படி ஒரு மாலை, கேட்டைப் பூட்டப் போனேன். மலை, ரோட்டு, கடைகள் எல்லாம் ஒரே இருட்டு. ஆற்றோரப் பாத்தியில் மட்டும் பச்சை கலந்த வெளிச்சம் ஒன்று தரையோடு தரையாக நகர்ந்துகொண்டிருந்தது. மின்மினி போல விட்டுவிட்டு மின்னவில்லை. ராணியக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் குனிந்து பார்த்தேன். கறுத்த, தட்டையான புழு ஒன்று நத்தை ஓட்டுக்குள் தலையை விட்டுத் தின்றுகொண்டிருந்தது. வெளிச்சம் அதன் வாலில் இருந்தது.

மறுநாள் ஹாஜியாரிடம் சொன்னேன். நத்தை மருந்து ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார். மேல் பாத்திகளுக்கு மருந்து போடவும், நத்தை தின்னும் புழு பிழைக்கட்டும் என்று ஆற்றோரத்தை அப்படியே விடவும் சொன்னார்.

மேல் பாத்திக் கன்றுகளைக் கொடுத்து அந்த மழையைத் தாண்டினோம். அந்த வருடம் முழுவதும் வேலைக்கு நடுவே அதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புழுக்கள் தோலுரித்துத் தோலுரித்துப் பெருத்தன. பிறகு மண்ணுக்குள் போய் அடங்கின. அடுத்த ஐப்பசி மழைக்கு வெளியே வந்தன. ஆணுக்குச் சிறகு இருந்தது, மின்மினி மாதிரி வண்டுதான். பெண்ணுக்குச் சிறகே இல்லை. விரல் பருமனில், வெளிறிய புழுவாகவே இருந்தது. அது ஈரமண்ணில் படுத்து வாலை உயர்த்தி எரியும், ஆண்கள் இருட்டிலிருந்து பறந்து வரும். மழை விட்ட மாலைகளில் பாத்தியோரம் நிற்கும்போது, வானம் கீழே இறங்கிவிட்டதோ என்று தோன்றும். ஊரில் நடப்பதெல்லாம் கொஞ்ச நேரம் மறந்து போகும்.

கேட்டருகே வந்தவர்கள்

ஒருநாள் மஃரிப் தொழுகை நேரம், இருட்டத் தொடங்கியிருந்தது. ஹாஜியார் கொட்டிலில் தொழுதுகொண்டிருந்தார். முகத்தில் துணி கட்டிய இரண்டு பேர் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஒருவன் கையில் துவக்கு. யார் விளக்கு வைத்தது என்று சிங்களத்தில் கேட்டான். ராணியக்கா அழத் தொடங்கினாள்.

"விளக்கு இல்ல மல்லி" என்றேன். சிங்களத்தில் தம்பியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "பூச்சி. வந்து பாருங்க."

அவன் நம்பவில்லை. துவக்கை என் முதுகுக்கு நேராகப் பிடித்தபடி பின்னால் வந்தான். பாத்தியோரம் நான் உட்கார்ந்தேன். அவனும் மண்டியிட்டான். பெண் வண்டு தன் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் அவன் கண்கள் மட்டும் தெரிந்தன. சின்ன வயது.

"முட்டையா?" என்று கேட்டான்.

"ஆமா. முட்டை போட்டதிலருந்து ஒண்ணும் திங்கல, நகரவும் இல்ல."

துவக்கை மண்ணில் வைத்துவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். தொழுகை முடித்து வந்த ஹாஜியார் எங்கள் பின்னால் நின்றார். மற்றவன் கூப்பிட்ட பிறகுதான் அவன் எழுந்தான்.

"ரோட்டுலருந்து விளக்கு மாதிரித்தான் தெரியுது அக்கா" என்றான். "வேற ஆள் வந்தா கேக்க மாட்டாங்க. மறைச்சு வைங்க."

மறுநாளே ரோட்டுப் பக்கம் தென்னோலைக் கிடுகு கட்டி மறைத்தோம். சில நாளில் தாய்ப் பூச்சி செத்துப் போனது. பின்னர் முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள் ஒவ்வொன்றும் ஊசிமுனை வெளிச்சத்தோடு மண்ணில் பரவின. நத்தை அடியோடு ஒழியவில்லை. ஆனால் ஆற்றோரத்தில் விற்கிற அளவுக்குக் கன்று நின்றது. அதற்குப் பிறகு மேல் பாத்திகளுக்கும் ஹாஜியார் மருந்து வாங்கவில்லை.

அந்தப் பையனை நான் மறுபடி பார்க்கவில்லை. அந்த வருடக் கடைசியில் இராணுவம் பிடித்துப் போன அவன் வயதுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் வீடு திரும்பவில்லை. அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது.

நர்சரிக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பாத்தியில் தெரியாதது எதைக் கண்டாலும் மருந்தைக் கீழே வைத்துவிட்டு, முதலில் மண்டியிட்டுப் பாருங்கள். அன்றைக்கு அவன் அப்படிப் பார்த்ததால்தான் நாங்கள் மூன்று பேரும் வீடு போய்ச் சேர்ந்தோம்.