ஸ்கோப் வேண்டாம் என்றவர்

வந்த ஆளைத் துரத்தியடிக்கிறதில் டார்லீன் ஹஸ்பியைப் போல ஒரு விற்பனைக்காரி மொன்டானா மாநிலம் முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டாள். எங்கள் இரும்புக் கடையில் நான் பெயின்ட் விற்கிறேன். அவள் பின்பக்கச் சுவரில் வரிசையாக நிற்கும் பழைய ரைஃபிள்களை விற்கிறாள். விற்கிறாள் என்று பேர்தான். கால் இரண்டும் வீங்கி, ஆண்களின் பூட்ஸை மாட்டிக்கொண்டு, காலையிலேயே சாயங்காலத்து முகத்தோடு வந்து நிற்பாள்.

நவம்பர் பிறந்தால் போதும், அறுநூறு டாலரைச் சுருட்டிக்கொண்டு ஆட்கள் வந்துவிடுவார்கள். எல்லாருக்கும் ஐநூறுக்கு ரைஃபிள் வேண்டும், மிச்சம் நூறுக்கு அதன்மேல் பொருத்திக் குறிபார்க்கிற தூரக்கண்ணாடி, அந்த ஸ்கோப், வேண்டும். "பாதிப் பணத்தைக் கண்ணாடியில போடுய்யா. கண்ணுக்கே தெரியாததை எப்படிச் சுடுவ?" என்று இவள் மல்லுக்கு நிற்பாள். கேட்காவிட்டால், பொழுது சாய்கிற நேரத்தில் பின்வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய், வெறும் ஸ்கோப்பை மட்டும் ஒவ்வொன்றாகக் கையில் கொடுப்பாள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நிற்கும் தானியக் கிடங்கின் உச்சியில் எழுதியிருப்பதைப் படிக்கவேண்டும். மட்டமான கண்ணாடி முதலில் இருண்டுவிடும். மான் வெளியே வருவதும் அந்த நேரம்தானே. சொல்லிச் சொல்லி அவளுக்குச் சலித்துவிட்டது, கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

ஆர்லன் ஸ்கார் வந்தது வேட்டைக் காலம் முடியப்போகிற சமயத்தில். கோதுமை போடுகிறவர். செப்டம்பரில்தான் மனைவியை அடக்கம் செய்தார். மண்வெட்டிக் காம்பு வாங்க வந்தாலும் பேரம் பேசியே என் உயிரை எடுக்கிற மனுஷன். அன்றைக்கு அந்தச் சுவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இருக்கறதுலயே மலிவா எதுவோ, அதைக் கொடு. தோட்டா ஒரு பெட்டி."

"ஸ்கோப்பு?"

"வேண்டாம்."

டார்லீன் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "ஸ்கோப் இல்லாம நான் விக்கறதில்ல. மான் எங்கயோ முந்நூறு கஜத்துல நிக்கும். நீ வயித்துல சுட்டு அதை ஓட விட்டுட்டு வருவ. அந்தப் பாவம் எனக்கெதுக்கு? ஸ்கோப்பை மாட்டற வளையம் தீந்துபோச்சு, நாளைக்கு வா."

அவர் மறுபேச்சுப் பேசாமல் போய்விட்டார். வளையம் டிராயர் நிறையக் கிடந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்கென்னடி கிறுக்கா? காசோட வந்தவனைத் திருப்பி அனுப்பற! முதலாளி காதுல விழுந்தா ரெண்டு பேரையும் சேத்து வீட்டுக்கு அனுப்பிடுவார்."

"அவன் விலையே கேக்கலடி பில்லிஸ்," என்றாள். "எவ்ளோ தூரத்துலேர்ந்து சுடணும்கிற கவலையே அவனுக்கு இல்ல."

அவர் மான் சுட வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமாக அதே கடையில் நிற்கிறேன், எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

மறுநாள் வந்தார். பின்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஸ்கோப்பை மாற்றி மாற்றிக் கொடுத்தாள்.

"எதுல நல்லாத் தெரியுது?"

"எல்லாம் ஒண்ணுதான்."

"இன்னிக்கு மூட்டமா இருக்கு. நாளைக்கு வா, தெரியும்."

அதற்கடுத்த நாளும் அப்படியே ஓட்டினாள். பனி விழ ஆரம்பித்தது. அவர் உப்பு மூட்டைமேல் உட்கார்ந்து அவளுடைய காபியைக் குடிப்பார். அவள் அந்த வீங்கின கால்களோடு நின்றுகொண்டே இருப்பாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"எத்தனை நாள்டி இப்படி இழுத்தடிப்ப? நேரடியாக் கேட்டுடு."

"கேட்டு, ஆமான்னு சொல்லிட்டான்னா?" என்றாள். பாவம், பயந்துபோயிருந்தாள்.

ஆனாலும் அன்று சாயங்காலம் பின்வாசலில் வைத்துக் கேட்டுவிட்டாள். "ஆர்லன், இது உன்னையே சுட்டுக்கறதுக்கா?"

நான் பெயின்ட் டப்பாவும் கையுமாக அப்படியே நின்றேன். அவர் ஸ்கோப்பைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

"அவ போனதுலேர்ந்து வீட்டுக்குள்ள கால் வைக்க முடியல டார்லீன்," என்றார். "ரொம்ப அசதியா இருக்கு."

"எனக்குந்தான் அசதியா இருக்கு. நீ நாளைக்கு வா. வரலேன்னா நான் உன் வீட்டுக்கு வருவேன். என் கார்ல ஹீட்டர் வேலை செய்யல. வழியில நான் விறைச்சுச் செத்தேன்னா அது உன் தலையிலதான் விடியும்."

அவர் சிரித்த மாதிரி இருந்தது. நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் இருட்டியும் ஆளைக் காணோம். டார்லீன் வந்த வாடிக்கையாளர்கள்மேல் எல்லாம் எரிந்து விழுந்தாள். கடை மூடப்போகிற நேரத்துக்கு அவருடைய வண்டி வந்து நின்றது. கம்பளியில் சுற்றிய நீளமான எதையோ தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். டார்லீன் நேரே போய் அதைக் கையிலிருந்து வாங்கி, கம்பளியை விலக்கி, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டாள்.

"எங்கப்பாவோடது," என்றார். "வீட்லயேதான் இருந்துச்சு. இதை வச்சு அந்தக் காரியத்தைப் பண்ண மனசு வரல. அதான் மட்டமா ஒண்ணு வாங்கலாம்னு வந்தேன்." அவர் கம்பளியை எடுத்து மடித்தார். "நீயே வச்சிரு. பனி உருகறவரைக்கும்."

நான் அழுதேவிட்டேன். அப்பாடா, ஒரு வழியாகக் கரையேறியாயிற்று என்று நினைத்தேன். டார்லீன் அழவில்லை. ரைஃபிளை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு துப்பாக்கியோடு எந்த வீடும் கிடையாது என்பது அந்த நேரத்தில் அவளுக்குத்தான் ஞாபகம் வந்தது.

"வீட்ல இன்னும் எத்தனை இருக்கு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மூணு. அதுவும் அப்பாவோடதுதான்."

டார்லீன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். குனிந்து பூட்ஸின் கயிற்றைக் கட்டும்போது ஒரு முனகல் முனகினாள்.

"வண்டியை எடு," என்றாள் அவரிடம். "பில்லிஸ், நாங்க வர்றவரைக்கும் கடையைப் பூட்டிடாத."