மழைப்படத்தில் ஒரு மாக்கோலம்

வாட்டர் கலர் பெட்டியில் வெள்ளை இருக்கக் கூடாது என்பது எங்கள் ஓவிய சாரின் கொள்கை. முதல் நாளே எல்லோருடைய வெள்ளை வில்லையையும் பிடுங்கி வைத்துக்கொண்டார். காகிதம்தான் வெள்ளை; வேண்டிய இடத்தில் அதைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். அந்தக் கோடை விடுமுறையில் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். சின்ன ஆபரேஷன் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். சின்ன ஆபரேஷனுக்கு ஏன் இத்தனை நாள் என்று நான் கேட்காமல் இருக்கத்தான் ஓவிய வகுப்பில் சேர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது.

எனக்கு ஸ்கேல் வைத்து வரைந்துதான் பழக்கம். மலை என்றால் முக்கோணம், நடுவில் சூரியன். அதைப் பார்த்தாலே சாருக்குத் தலைவலி வந்துவிடும். காகிதத்தை முழுக்க நனைத்து, நிறத்தைத் தொட்டு வைத்து, பலகையைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்வார். நிறம் தன் இஷ்டத்துக்கு ஓடும். நான் பதறிப்போய்த் துணியால் ஒற்றப் போவேன். “பேடிக்கண்டா, வெள்ளம் போகட்டே” என்று மலையாளத்தில், பயப்படாமல் தண்ணீரை ஓடவிடச் சொல்வார். தண்ணீரை அதன் போக்கில் விடும் துணிச்சல் எனக்கு மெதுவாகத்தான் வந்தது.

கடைசி வாரம் கரமனையில் எங்கள் தெருவை மழையோடு வரைந்தேன். ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகள், ஒவ்வொரு வாசலிலும் கோலத்துக்காக விட்ட சிறு வெள்ளை. பலகையைச் சாய்த்தபோது மழையின் சாம்பல் நிறம் ஓடி எங்கள் வீட்டு வாசலை மட்டும் மூடிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. சாரோ, “தொடண்டா. இதாணு மழ” என்று துணியை எடுத்த என் கையைத் தடுத்தார். வகுப்பு முடிவில் வைக்கும் கண்காட்சியில் முதல் படம் அதுதான் என்றும் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் படத்திலேயே அழகான இடம் அதுதான் என்று எனக்கும் பட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து குளித்துவிட்டுப் போக வந்த அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

“ஏண்டீ, நம்மாத்து வாசல்ல மட்டும் கோலத்தைக் காணுமே?”

“மழைல கரைஞ்சு போயிட்டதும்மா.”

“மத்த எல்லாராத்துலயும் இருக்கே.”

சாவு விழுந்த வீட்டு வாசலில்தான் எங்கள் தெருவில் கோலம் இருக்காது. அது எனக்கும் தெரியும்தான். காகிதத்தில் இருக்கும் வீட்டுக்கும் அந்த வழக்கம் உண்டு என்று யார் கண்டார்கள்?

அம்மா என் பெட்டியில் வெள்ளையைத் தேடினாள். இல்லை என்றதும் சமையலறைக்குப் போய் அரிசி மாவைக் கரைத்துக்கொண்டு வந்தாள். மோதிர விரலின் நுனியால் என் மழையின் மேலேயே சின்னதாக ஒரு மாக்கோலம் போட்டாள். சுற்றிலும் காவியும் இட்டாள். நான் கத்தினேன், காலை உதைத்து அழுதேன். அவள் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

சார் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கடைசிச் சுவரில், கதவுக்குப் பின்னால் மாட்டினார். நான் அம்மாவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டேன். அவள் இருந்த நிலையில் அதைக் கவனித்தாளா என்பதே சந்தேகம்.

அப்பா பாதியாக இளைத்து, சுவரைப் பிடித்து நடந்து வீடு வந்து சேர்ந்தார். அதற்குள் கண்காட்சி முடிந்து படம் திரும்பி வந்து, எறும்புகள் கோலத்தில் பாதியைத் தின்றிருந்தன. முதல் வேலையாகப் படத்தைக் கொண்டுபோய் அவரிடம் நியாயம் கேட்டேன்.

“இந்தக் கோலம் யார் போட்டது?”

“அம்மாவாக்கும். வாசல் வெறுமனே இருக்கப்படாதாம். என் மழையையே கெடுத்துட்டா.”

அப்பா படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அம்மா இருந்த சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்கள் நிறைந்திருந்தன. நல்ல படம் வீணாய்ப் போனதே என்று வீட்டில் ஒருவராவது வருத்தப்படுகிறாரே என எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.