ரிவேர்ஸில் ஏறிய குளக்கட்டு

போன செவ்வாய் தேவாலயத் துக்கமணி கேட்டபோது நான் மூன்றாம் பாடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அலுவலகப் படியில் நின்ற காவலாளி, "ரீச்சர், எங்கட யேசுதாசன் மாஸ்டர் மோசம் போயிட்டார்" என்றார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. முதல்நாள்கூடத் தேத்தண்ணிக்குச் சீனி காணாதென்று என்னோடு சண்டை பிடித்த மனிதர், சொல்லாமல் கொள்ளாமல் போகலாமா?

தண்ணீரூற்றில் அவரோடு படிப்பித்த உங்களுக்கு அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஞாபகம் இருக்கும். வெளிநாடு போன தம்பி விட்டுச்சென்றது. இருக்கை இரண்டே இரண்டு. பெற்றோல் கிடைக்காத அந்த நாட்களில் எங்கள் கிறவல் மண் தெருவில் மண்ணெண்ணெயில் ஓடியது. கியர்ப்பெட்டி உடைந்தபோது, அதே காரின் அடுத்த தலைமுறை ஒன்று புளியங்குளத்தில் பழுதாகிக் கிடக்க, அதன் பெட்டியைக் கழற்றிவந்து பூட்டினார். பழையதில் முதலாம் கியர் இருந்த மூலையில் புதியதில் ரிவேர்ஸ் இருந்தது. கை பழக்கத்தை விடவில்லை. பள்ளிக்கூடமே பார்த்திருக்க, வாசலுக்கு வெளிக்கிட்டவர் பின்னால் போய் அதிபரின் குரோட்டன் பாத்தியில் ஏறினார்.

அன்று தொடங்கிய புறுபுறுப்பு ஓயவில்லை. "பழசு மரியாதை தெரிஞ்ச பெட்டி. இது என்ன சாமான்? முன்னுக்குப் போற இடத்தில பின்னுக்குப் போறதை வைச்சிருக்கிறாங்கள்!" கூடவே ஒரு பாவமும் செய்யாத புதுப் பாடத்திட்டத்துக்கும் திட்டு விழும்.

அந்த மாரியில் எனக்கு நோவு கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்குது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ என்றார் மருத்துவிச்சி. வேறு வாகனம் இல்லை. மாஸ்டர் என்னை ஏற்றினார். என் கணவர் சைக்கிளில் பின்னால் வந்தார். தெரு குளக்கட்டில் ஏறும் இடத்தில், மண்ணெண்ணெய் குடித்த எஞ்சினுக்கு இழுக்கப் பலமில்லை. முதலாம் கியரில் பாதி ஏறிய கார் திரும்பக் கீழே வந்தது. மறுபடியும் அப்படித்தான். நான் மாதாவையும் பிள்ளையாரையும் சேர்த்தே கூப்பிட்டேன். என் பிள்ளை அந்தக் குளக்கட்டின் அடியிலேயே போய்விடும் என்று நினைத்தேன்.

மாஸ்டர் சட்டென்று காரைத் திருப்பினார். "ரீச்சர், அதிபரின்ர பாத்தியில என்ன லேசா ஏறினது! இந்தப் பெட்டியில ரிவேர்ஸுக்குத்தான் இழுவை கூடுதல். இறுக்கிப் பிடியுங்கோ." தலையை வெளியே நீட்டியபடி பின்புறமாகவே ஏற்றினார். என் கணவர் சைக்கிளைப் போட்டுவிட்டு வந்து முன்பக்கத்தில் தோள் கொடுத்தார். கார் முனகி முனகி உச்சிக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டொக்டர், "நல்லவேளை, நேரத்துக்கு வந்திட்டீங்கள்" என்றார்.

அடுத்தநாள் ஆசிரியர் அறையில் அவர் சொன்னதை நீங்கள் கேட்டீர்கள், நான் வார்ட்டில் கிடந்தேன். "நான் பிழையாக் கதைச்சிட்டன். புதுப்பெட்டி திறம். அந்தப் பாடத்திட்டத்தையும் ஒருக்கா வாசிச்சுப் பாப்பம்." கேட்காமலே இப்படி ஒத்துக்கொள்ளும் ஆட்களை நான் அதிகம் கண்டதில்லை.

அடக்கத்துக்குச் சேமக்காலைக்கு மகளைத் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டு வயது, நல்ல பாரம். அவளும் ஒரு பிடி மண் போட்டாள். "பிள்ளையை இறக்கி விடுங்கோ ரீச்சர், கை நோகும்" என்று சொன்னார்கள். மாஸ்டர் எனக்குத் தந்துவிட்டுப் போனது இவளைத்தான். வீடு வரும்வரை நான் இறக்கவில்லை.